மைனஸ் அறுபதை நம்பலாமா? கொரோனா ஸ்பைக் – ஏசிஇ2 பிணைப்பைக் கணினியில் அளப்பது

கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் மனித செல்லின் ஏசிஇ2 ஏற்பியைப் பற்றிக்கொள்வதைக் கணினியில் ஆராயும் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: “பிணைப்பு ஆற்றல் −60 கிலோகலோரி/மோல், எனவே பிணைப்பு மிக வலுவானது.” இந்த எண்ணை ஒருமுறை பிரிகை மாறிலியாக (ஏற்பிகளில் பாதி நிரம்பத் தேவையான செறிவு; சிறிதாக இருந்தால் பிணைப்பு இறுக்கம்) மாற்றிப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு 1.36 கிலோகலோரிக்கும் மாறிலி பத்து மடங்கு சிறுக்கும். 60-ஐ 1.36-ஆல் வகுத்தால் 44. ஆக, 10-இன் −44 அடுக்கு மோலார். உலகத்துக் கடல்நீர் மொத்தத்திலும் பத்துக்கும் குறைவான மூலக்கூறுகளைக் கரைத்தால் வரும் செறிவு அது. அந்தச் செறிவிலேயே ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடும் என்கிறது அந்த வரி. எழுதியவர் அப்படிச் சொல்ல நினைத்திருக்க மாட்டார். மென்பொருள் துப்பிய எண்ணை அலகோடு சேர்த்து எடுத்து எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் அளந்தால் என்ன வருகிறது? 2020-இல் வெளியான மூன்று அளவீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மூன்றும் மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு முறையில் (ஒரு பரப்பில் புரதம் ஒட்டுவதை ஒளியால் அளப்பது) எடுத்தவை. ஏற்பியைப் பற்றும் பகுதியை (இனி ஆர்பிடி) மட்டும் வைத்து அளந்த ஒரு குழுவுக்கு 4.7 நானோமோலார் கிடைத்தது. அதே பகுதியை அளந்த இன்னொரு குழுவுக்கு 44.2. ஸ்பைக்கின் வெளிப்பகுதி முழுவதையும் வைத்து அளந்தவர்களுக்கு 14.7. முதல் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்து மடங்கு, ஆற்றலில் 1.3 கிலோகலோரி. இப்போது 2003-இல் பரவிய பழைய சார்ஸ் வைரஸோடு ஒப்பிட்டதைப் பாருங்கள். முதல் குழுவில் 4.7-க்கு எதிராக 31, இரண்டாவதில் 44.2-க்கு எதிராக 185. புதிய வைரஸ் 6.6 மடங்கு அல்லது 4.2 மடங்கு இறுக்கமாகப் பற்றுகிறது. ஆற்றலில் 1.1, அல்லது 0.85.

தனி எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பத்து மடங்கு ஆடுகின்றன. ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசமோ நிற்கிறது. சோதனைக்கே இதுதான் நிலைமை என்றால் கணினிக்கு வேறு விதி கிடையாது. இங்கே வித்தியாசங்களைத்தான் அளக்க முடியும். அந்த வித்தியாசங்கள் ஒன்றிரண்டு கிலோகலோரிதான் என்பதால், தயாரிப்பில் நடக்கும் சின்னப் பிசகு ஒன்றே முடிவைத் தலைகீழாக்கப் போதும். இங்கே கணக்கு என்பது மூலக்கூறு இயக்கவியல் ஓட்டம்: அணுக்கள் நகர்வதைக் கணினியில் படிப்படியாகப் பின்தொடர்வது. அந்தக் கணக்கு ஓடும் நேரத்தைவிட அதற்கு முந்தைய தயாரிப்புக்கு இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எந்தக் கட்டமைப்பு?

புரத வங்கியில் 6எம்0ஜே என்ற குறியீட்டில் இருக்கும் படிகக் கட்டமைப்பு (பிரிதிறன் 2.45 ஆங்ஸ்ட்ராம்) நல்ல தொடக்கம். அதில் ஏ சங்கிலி ஏசிஇ2, எச்சங்கள் (சங்கிலியின் அமினோ அமில அலகுகள்) 19 முதல் 615 வரை. இ சங்கிலி ஆர்பிடி, 333 முதல் 526 வரை. 6எல்இசட்ஜி என்பதும் ஏறக்குறைய இதே தரம். 6விடபிள்யூ1-ஐ எடுப்பவர்கள் விளக்கக் குறிப்பை முழுவதும் படிக்க வேண்டும்: அது கலப்பினம். ஆர்பிடியின் மையப்பகுதி பழைய சார்ஸ் வைரஸுடையது, ஏற்பியைத் தொடும் பகுதி மட்டும் புதியது. அதை அறியாமல் “இயல்பு வகை” என்று எடுத்துக்கொண்டு மாற்றுருக்களோடு (பிறழ்வு பெற்ற வகைகளோடு) ஒப்பிட்டால் ஒப்பீட்டின் அடித்தளமே தவறு. செல்சவ்வோடு சேர்த்து முழு ஏசிஇ2 வேண்டுமென்றால் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த 6எம்17 இருக்கிறது. ஆனால் இரு புரதங்களும் தொட்டுக்கொள்ளும் இடைமுகத்தைப் பற்றிய கேள்விக்கு அத்தனை அணுக்களைச் சுமக்கத் தேவையில்லை.

கட்டமைப்பைத் திறந்ததும் இடைமுகத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். 4 ஆங்ஸ்ட்ராம் எல்லைக்குள் ஆர்பிடியின் 17 எச்சங்கள் ஏசிஇ2-வின் 20 எச்சங்களைத் தொடுகின்றன. மறைந்துபோகும் பரப்பு இரு பக்கமும் சேர்த்து 1,687 சதுர ஆங்ஸ்ட்ராம். லைசின் 417-க்கும் ஏற்பியின் அஸ்பார்டேட் 30-க்கும் இடையே உப்புப் பாலம். குளுட்டமின் 493-ஐச் சுற்றி ஏற்பியின் லைசின் 31, குளுட்டமேட் 35. மறுமுனையில் ஃபீனைல்அலனின் 486, ஏற்பியின் லூசின் 79, மெத்தியோனின் 82, டைரோசின் 83 சேர்ந்த குழிக்குள் நுழைகிறது. அஸ்பராஜின் 501-க்கு எதிரே டைரோசின் 41-உம் லைசின் 353-உம். இந்தப் பட்டியல் மனதில் இருந்தால் பின்னால் ஏதாவது கெடும்போது உடனே தெரிந்துவிடும்.

கெடும் இடங்கள்

முதலில் துத்தநாகம். ஏசிஇ2 ஒரு நொதி. அதன் வினைக்குழியில் ஒரு துத்தநாக அயனியை ஹிஸ்டிடின் 374, ஹிஸ்டிடின் 378, குளுட்டமேட் 402 மூன்றும் பிடித்திருக்கின்றன. இரண்டு ஹிஸ்டிடின்களும் எப்சிலான் நைட்ரஜனால் அயனியைப் பற்றுவதால் ஹைட்ரஜன் டெல்டா நைட்ரஜனில் இருக்க வேண்டும். தானியங்கிக் கருவிகள் பல நேரம் எப்சிலானில் ஹைட்ரஜனை ஒட்டிவிடும். அப்போது அந்த ஹைட்ரஜன் துத்தநாகத்தின்மேல் மோதி, ஆற்றல் குறைப்பின்போதே அயனி குழியைவிட்டு வெளியே தள்ளப்படும். இடைமுகம் இங்கிருந்து தொலைவில்தான் இருக்கிறது, துத்தநாகத்தை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஏசிஇ2-வின் இரண்டு மடல்களும் அந்தக் குழியை நடுவில் வைத்துத் திறந்து மூடுபவை. ஓர் ஓட்டத்தில் அயனி இருந்து இன்னொன்றில் போய்விட்டால் வித்தியாசம் கணக்கிட்டுப் பயனில்லை. எளிய பிணைப்பில்லா மாதிரி போதாத இடங்களில் அயனிக்கும் அந்த மூன்று எச்சங்களுக்கும் இடையே தூரக் கட்டுப்பாடு போட்டுவிடுவது நடைமுறை வழி.

மற்ற ஹிஸ்டிடின்களின் நிலையைப் பிஹெச் 7.4-க்கு ஒரு பிகேஏ கணிப்பியில் பார்த்துவிட்டுக் கையால் உறுதிசெய்ய வேண்டும். அதில் ஏற்பியின் ஹிஸ்டிடின் 34 இடைமுகத்தின் நடுவே உட்கார்ந்திருப்பது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை எல்லா மாற்றுருக்களுக்கும் ஒன்றாகவே வைத்திருங்கள்.

இரண்டாவது டைசல்பைடுகள், அதாவது இரண்டு சிஸ்டீன்களைக் கட்டும் கந்தகப் பிணைப்புகள். ஆர்பிடியில் நான்கு: 336–361, 379–432, 391–525, 480–488. கடைசி ஜோடிதான் உயிர்நாடி. 470-களில் தொடங்கி 490 வரை நீளும் வளையத்தை அதுதான் கட்டி வைத்திருக்கிறது. ஃபீனைல்அலனின் 486 அந்த வளையத்தின் நுனியில் இருக்கிறது. இந்தப் பிணைப்பு விட்டுப்போனால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. ஓட்டம் சீராகவே போகும். 50 நானோவிநாடிக்குப் பிறகு வளையம் துவண்டு 486 குழியைவிட்டு வெளியே வரும், “இந்த மாற்றுருவில் நெகிழ்வு அதிகம்” என்று ஒரு முடிவும் பிறக்கும். 391–525 ஜோடி வேறு வகை ஆபத்து. சங்கிலி 526-இல் முடிவதால், வாலைச் சீராக்குகிறேன் என்று இரண்டு எச்சம் வெட்டுபவர்கள் இதை இழக்கிறார்கள். ஏசிஇ2-வில் மூன்று: 133–141, 344–361, 530–542. இடவியல் கோப்பை (அணுக்களையும் பிணைப்புகளையும் பட்டியலிடுவது) உருவாக்கியதும் ஏழு டைசல்பைடுகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

மூன்றாவது சங்கிலி முனைகள். படிகத்தில் வெட்டுப்பட்ட முனைகள் இயற்கையில் முனைகளே அல்ல. அவற்றில் மின்னூட்டம் விட்டு வைத்தால் இல்லாத அயனிகளைச் சேர்த்ததாகும். ஆகவே அசிட்டைல், என்-மெத்தில் மூடிகள் போட வேண்டும். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஏசிஇ2-வின் செரின் 19. முதிர்ந்த புரதம் 18-ஆம் எச்சத்தில்தான் தொடங்குகிறது. படிகத்தில் 19 முதல். இந்தச் செரின் ஆர்பிடியின் 475–477 பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு நேர்மின் அமீனை விட்டால், ஓமைக்ரானில் உள்ள எஸ்477என் (477-இல் செரின் போய் அஸ்பராஜின் வருவது) போன்ற மாற்றங்களின் விளைவைக் கணிக்கும்போது அந்தப் போலி மின்னூட்டமும் கணக்கில் கலந்துவிடும்.

நான்காவது சர்க்கரைக் கிளைகள். ஏசிஇ2-வின் 19 முதல் 615 வரையிலான பகுதியில் 53, 90, 103, 322, 432, 546 ஆகிய அஸ்பராஜின்களில் கிளைக்கான் (சர்க்கரைக் கிளை) ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. ஆர்பிடியில் 331, 343. படிகத்தில் தெரிவது சில இடங்களில் முதல் சர்க்கரை மட்டுமே. 90-ஆம் இடத்துக் கிளை பிணைப்புக்குத் தடையாக நிற்கிறது என்பது பிறழ்வு ஆய்வுகளில் வெளிப்பட்டது: அந்த அஸ்பராஜினையோ, 92-ஆம் இடத்துத் திரியோனினையோ மாற்றிக் கிளை ஒட்டாமல் செய்தால் பிணைப்பு கூடுகிறது. 322-ஆம் இடத்துக் கிளை ஆர்பிடியை எட்டித் தொடக்கூடியது. இவற்றைச் சேர்க்க வேண்டுமா? ஆர்பிடியின் ஒற்றைப் பிறழ்வுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரு பக்கமும் கிளையில்லாமல் ஓட்டியும் ஓரளவு சமாளிக்கலாம். ஏசிஇ2-வின் மாற்றுருக்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் சேர்க்காமல் விடுவது பெரும் தவறு. சார்ம்-ஜியுஐ தளத்தில் கிளைக்கான் கட்டும் வசதி இருக்கிறது. ஆம்பர் மென்பொருள் வழியில் போனால் சர்க்கரைகளுக்கான கிளைகேம்06. கட்டிய கிளைகளில் சர்க்கரை வளையத்துக்குள் ஃபீனைல் வளையம் கோத்துக்கொண்டு நிற்கும் கேவலம் சில நேரம் நடக்கும்; கண்ணால் பார்த்தால்தான் அகப்படும்.

பெட்டி, நீர், ஓட்டம்

இரு புரதங்களும் சேர்ந்த உருவம் நீளமானது. நீள அச்சு 11 நானோமீட்டர் என்று வைத்து ஒவ்வொரு பக்கமும் 1.2 விட்டால் 13.4. சாய்சதுரப் பன்னிருமுகிப் பெட்டியில் இது ஏறக்குறைய 1,700 கன நானோமீட்டர்; நீரோடு சேர்த்து 1,70,000 அணுக்கள். செவ்வகப் பெட்டியில் அணுக்கள் குறையுமே என்று ஆசைப்பட்டு அதைத் தேர்ந்தால், சில பத்து நானோவிநாடிகளில் கூட்டு திரும்பிப் படுத்து, பக்கத்துப் பிம்பத்தை (பெட்டி எல்லாப் பக்கமும் தன் நகல்களால் சூழப்பட்டதாகவே கணக்கு நடக்கிறது) தொட்டுவிடும். நேர்மின் ஆர்பிடி தன் பிம்பத்து எதிர்மின் ஏசிஇ2-வை இழுக்கத் தொடங்கினால் கிடைப்பது எதுவும் பிணைப்பு அல்ல. பிம்பத்துக்கான குறைந்தபட்ச தூரம் ஓட்டம் முழுவதும், விசைகளை நேராகக் கணக்கிடும் வெட்டெல்லையைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி குரோமேக்ஸ் மென்பொருளிலேயே உண்டு. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

உப்பு 0.15 மோலார் சோடியம் குளோரைடு. மேற்சொன்ன பெட்டிக்கு ஏறக்குறைய 140 ஜோடி அயனிகள், அதோடு மின்னூட்டத்தைச் சமன் செய்யத் தேவையான சோடியம். ஏசிஇ2 அழுத்தமான எதிர்மின் புரதம் என்பதால் வெறும் சமன் அயனிகளோடு நிறுத்துவது சரியல்ல. உப்புத் திரை இல்லாவிட்டால் தொலைதூர ஈர்ப்பு மிகைப்படும்.

விசைப்புலத்தில் (அணுக்களுக்கு இடையேயான விசைகளின் சூத்திரத் தொகுப்பு) சார்ம்36எம், அல்லது ஆம்பர் எஃப்எஃப்19எஸ்பி. எதை எடுத்தாலும் அதன் அமைப்புகளை முழுதாக எடுங்கள். சார்மில் வான்டர்வால்ஸ் விசை 1.0 நானோமீட்டரிலிருந்து 1.2-க்குள் மெல்ல அணைக்கப்படும், சிதறல் திருத்தம் கிடையாது. ஆம்பரில் நேரடி வெட்டு, திருத்தம் உண்டு. ஒன்றின் உள்ளீட்டுக் கோப்பை இன்னொன்றுக்கு நகலெடுத்து ஓட்டினால் நிரல் வாய் திறக்காது. எஃப்எஃப்19எஸ்பி-யோடு ஓபிசி நீர்தான் பொருத்தம். அது நான்கு புள்ளி நீர் என்பதால் கணக்கு கனமாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆற்றல் குறைப்பு, அதிகபட்ச விசை 1,000 கிலோஜூல்/மோல்/நானோமீட்டருக்குக் கீழே வரும்வரை. பிறகு கன அளவு மாறாமல் 100 முதல் 200 பிக்கோவிநாடி, 310 கெல்வினுக்கு. அப்புறம் அழுத்தம் 1 பாரில், நிலைக் கட்டுப்பாட்டை 1,000, 400, 100, 0 என்று படிப்படியாகத் தளர்த்தி ஒன்றிரண்டு நானோவிநாடி. பாரினெல்லோ–ரஹ்மான் அழுத்தக் கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே போட்டால் பெட்டி ஊஞ்சலாடி ஓட்டம் சிதறலாம். தொடக்கத்துக்கு சி-ரீஸ்கேல் பாதுகாப்பு. உற்பத்தி ஓட்டத்தில் நேரப்படி 2 ஃபெம்டோவிநாடி. ஹைட்ரஜன் நிறையைக் கூட்டினால் 4 வரை போகலாம்.

எத்தனை நேரம் ஓட்டுவது என்பதைவிட எத்தனை முறை என்பதே கேள்வி. ஒரே 500 நானோவிநாடி ஓட்டத்தைவிட, வெவ்வேறு தொடக்க வேகங்களில் 100 நானோவிநாடி ஓட்டங்கள் ஐந்து மேலானவை. ஓர் ஓட்டத்தின் ஆயிரம் சட்டகங்களை (இடையிடையே சேமித்த கணநேர நிலைகளை) ஆயிரம் தனி அளவீடுகளாக எண்ணி, ±0.2 என்று பிழை போடுவது இந்தத் துறையின் பரவலான நோய். அடுத்தடுத்த சட்டகங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஐந்து ஓட்டங்களின் ஐந்து சராசரிகளை வைத்துப் பிழையைக் கணக்கிட்டால் பெரும்பாலும் ±3, ±5 என்று வரும். அதுதான் உண்மையான பிழை. அதோடு வாழப் பழக வேண்டும்.

ஒரு சட்டகம் இந்த அளவில் ஏறக்குறைய 0.7 மெகாபைட். 10 பிக்கோவிநாடிக்கு ஒன்று சேமித்தால் 100 நானோவிநாடிக்கு 7 ஜிகாபைட் வரும். புரதத்தை மட்டும் சேமித்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் இடைமுகத்தில் இரு புரதங்களையும் இணைக்கும் நீர் மூலக்கூறுகள் உண்டு என்பதால் 100 பிக்கோவிநாடிக்கு ஒருமுறையாவது நீரோடு சேமிப்பது நல்லது. பகுப்பாய்வில் வரைபடம் திடீரென 5 நானோமீட்டர் தாவினால் பிணைப்பு அறுந்ததாக எண்ணிவிடாதீர்கள். ஒரு சங்கிலி பெட்டியின் எல்லையைத் தாண்டிக் குதித்திருக்கும். கூட்டை ஒன்றாகத் திரட்டி, நடுவில் வைத்து, பிறகு அளக்க வேண்டும். உண்மையான பிரிவு விநாடிகள், நிமிடங்கள் அளவில் நடப்பது. உங்கள் மைக்ரோவிநாடிக்குள் அது தானாக நடந்தால், தயாரிப்பில்தான் எதையோ கெடுத்திருக்கிறீர்கள்.

மைனஸ் அறுபது எங்கிருந்து வருகிறது

எம்எம்-ஜிபிஎஸ்ஏ முறை ஓட்டத்தின் சட்டகங்களை எடுத்து, நீரைக் களைந்து, அதற்குப் பதில் தொடர் ஊடகம் ஒன்றை வைத்து, கூட்டின் ஆற்றலிலிருந்து இரு பாதிகளின் ஆற்றலைக் கழிக்கிறது. இரு புரதங்கள் ஒன்றாகும்போது இழக்கும் நகர்வு, சுழற்சிச் சுதந்திரம் பெரும்பாலான கணக்குகளில் சேர்க்கப்படுவதே இல்லை. இரு பாதிகளையும் கூட்டிலிருந்தே வெட்டி எடுப்பதால், பிணைய வளைந்து கொடுத்த செலவும் விட்டுப்போகிறது. உட்பகுதி மின்காப்பு மாறிலியை 1 என்று வைத்தால் 417–30 உப்புப் பாலம் ஏகமாகப் பெரிதாகும். 2 அல்லது 4 என்று வைத்தால் மொத்த எண்ணே வேறாகும். நார்மல் மோட் கணக்கால் (மூலக்கூறின் அதிர்வுகளிலிருந்து கணிப்பது) என்ட்ரோபியைச் சேர்த்தால் அதன் இரைச்சல் நீங்கள் தேடும் வித்தியாசத்தையே விழுங்கிவிடும்.

ஆகவே இந்த முறைக்குச் சரியான வேலை எச்சவாரிப் பங்கீடு: எந்த எச்சம் பிணைப்பைத் தாங்குகிறது என்று காட்டுவது. மாற்றுருக்களை வரிசைப்படுத்தவும் ஓரளவு உதவும், மின்னூட்டம் மாறாத பிறழ்வுகளில் மட்டும். எண்ணை ஆய்வக எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

ஒரு பிறழ்வின் விளைவை நிஜமாகவே அளக்க வேண்டுமா, அதற்கு ரசவாத முறை இருக்கிறது: 501-ஆம் அஸ்பராஜினைக் கணக்கில் மெல்ல மெல்ல டைரோசினாக்குவது. ஒருமுறை ஏற்பியோடு சேர்ந்திருக்கும்போது, ஒருமுறை ஆர்பிடி தனியாக இருக்கும்போது. இரண்டின் வித்தியாசமே பிணைப்பில் வரும் மாற்றம். 20 லாம்டா நிலைகள் (மாற்றத்தின் இடைப்படிகள்), ஒவ்வொன்றும் 5 நானோவிநாடி, மூன்று தனி ஓட்டங்கள் என்பது நியாயமான தொடக்கம். டைரோசின் வளையம் ஏற்பியின் டைரோசின் 41-க்கும் லைசின் 353-க்கும் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். அங்கிருந்த நீர் வெளியேற வேண்டும். அது நடக்க நேரமாகும் என்பதால் போகும் திசையில் ஒரு விடையும் திரும்பும் திசையில் வேறு விடையும் வரலாம். இரண்டுக்கும் 1 கிலோகலோரிக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

கே417என் இன்னும் சிக்கல். லைசினின் நேர்மின் மறைவதால் பெட்டியின் மொத்த மின்னூட்டம் நடுவழியில் மாறுகிறது. தொலைதூர மின்விசைகளைக் கணக்கிடும் ஈவால்ட் கூட்டலில் அது பெட்டி அளவைச் சார்ந்த பொய்ப் பங்களிப்பைத் தரும். தொலைவில் ஒரு நீர் மூலக்கூறையோ அயனியையோ கூடவே எதிர்த்திசையில் மாற்றி, மொத்தத்தைச் சமமாக வைப்பது வழக்கமான தீர்வு.

இந்த இரண்டையும் எப்போதும் சோதனைக் கற்களாக வைத்துக்கொள்ளலாம். என்501ஒய் பிணைப்பைக் கூட்டும், கே417என் குறைக்கும் என்பது பல ஆய்வகங்களில் உறுதியானது. மூன்றாவதாக எலியின் ஏசிஇ2: அதில் 353-இல் லைசினுக்குப் பதில் ஹிஸ்டிடின். மூல வுகான் வைரஸ் அதைச் சரியாகப் பற்றாது. உங்கள் முறை இந்த மூன்றில் திசையைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்றால், புதிய மாற்றுரு எதைப் பற்றியும் அது சொல்வதைக் கேட்கத் தேவையில்லை.

இழுத்துப் பிரிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். கணினியில் நானோவிநாடிக்கு 1 நானோமீட்டர் என்று இழுப்பது விநாடிக்கு 1 மீட்டர். அணுவிசை நுண்ணோக்கி விநாடிக்கு மைக்ரோமீட்டர் அளவில் இழுக்கிறது. பத்து லட்சம் மடங்கு வேகத்தில் கிடைக்கும் உச்ச விசையை அதன் எண்ணோடு ஒப்பிட முடியாது. டாக்கிங்கைப் (இரு மூலக்கூறுகள் எப்படிப் பொருந்தும் என்று கணிப்பது) பொறுத்தவரை, விடை படிகமாகவே கையில் இருக்கும்போது இரு பாதிகளையும் பிரித்து மறுபடி ஒட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் பிந்தைய பதிப்புகளும் இத்தகைய கட்டமைப்புகளைப் படித்துப் பயின்றவைதான். ஒற்றைப் பிறழ்வு பிணைப்பை எவ்வளவு மாற்றும் என்பது அதனிடம் கேட்கக் கூடிய கேள்வி அல்ல.

ஓமைக்ரான் பிஏ.1-இல் ஆர்பிடியில் மட்டும் 15 பிறழ்வுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. 498-இல் வந்த ஆர்ஜினின் தரும் லாபம் 501-இல் டைரோசின் இருப்பதைப் பொறுத்தது. 417-இல் இழந்த உப்புப் பாலத்துக்கு ஈடாக 493-இல் வந்த ஆர்ஜினின் குளுட்டமேட் 35-ஐயும், 498-இல் வந்தது அஸ்பார்டேட் 38-ஐயும் பிடிக்கின்றன. எனவே பிறழ்வுகளை எந்த வரிசையில் புகுத்துகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு வரிசைகளில் செய்து இறுதி எண் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது நல்ல தணிக்கை.

இவ்வளவும் தனி ஆர்பிடிக்குத்தான். முழு ஸ்பைக்கில் ஆர்பிடி மேலே எழுந்தால்தான் ஏற்பி பற்ற முடியும். 165, 234-ஆம் இடத்துக் கிளைக்கான்கள் அதை எழுந்த நிலையில் தாங்குகின்றன, டி614ஜி போன்ற தொலைதூரப் பிறழ்வு எழும் விகிதத்தைக் கூட்டுகிறது. இவை எதுவும் உங்கள் பெட்டிக்குள் இல்லை. ஆய்வக எண் ஒன்றை ஒப்பிட எடுக்கும்போது, அது தனி ஆர்பிடியா, மூன்று சங்கிலிகள் சேர்ந்த முழு ஸ்பைக்கா, ஏசிஇ2 ஒற்றையாக இருந்ததா, எஃப்சி வாலோடு (எதிர்ப்புரதத்தின் அடிப்பகுதி ஒட்டப்பட்டு) இரட்டையாக இருந்ததா என்று முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். இரட்டை ஏற்பியை வைத்து அளந்தால் இரண்டு கைகளும் சேர்ந்து பிடிக்கும் இறுக்கம் வரும். அந்த எண்ணை ஒற்றை ஆர்பிடிக் கணக்கோடு ஒப்பிட்டால், கணக்கு சரியாக இருந்தாலும் தவறாகவே தெரியும்.